டேப்லெட் வாங்கி டிராயரில் தூங்குகிறது: உருப்படியாக என்ன செய்யலாம்?

#1 கடைசிபெஞ்சு

நண்பர்களுக்கு வணக்கம். பத்து மாதத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு ஒரு டேப்லெட் வாங்கினேன். 10.5 அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. முதல் வாரம் வீட்டில் ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டு அலைந்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து டிராயரில் கிடக்கிறது. அவசரத்துக்குக் கைக்கு வருவது போன்தான். உட்கார்ந்து வேலை பார்க்க லேப்டாப் இருக்கிறது. நடுவில் இது எதற்கு என்று எனக்கே புரியவில்லை.

எப்போதாவது எடுத்தால் சார்ஜ் சுத்தமாக இறங்கியிருக்கும். செருகி அரை மணி நேரம் காத்திருந்தால் உயிர் வரும். வந்த கையோடு நாற்பது ஆப்புக்கு அப்டேட் கேட்கும். அது முடிவதற்குள் எதற்காக எடுத்தேன் என்பதே மறந்துபோகும்.

"கட்டாயம் வேண்டிய 20 ஆப்கள்" மாதிரிப் பட்டியல் வேண்டாம், படித்துச் சலித்துவிட்டேன். நீங்கள் நிஜமாகவே தினமும் டேப்லெட்டில் என்ன செய்கிறீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

#2 அரைத்தூக்கம்

படுத்துக்கொண்டு படம் பார்க்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

#3 நூல்பூச்சி

கடைசிபெஞ்சு, நான் படிக்க மட்டும்தான் வைத்திருக்கிறேன். அதிலும் பிடிஎஃப். போனில் பிடிஎஃப் படிப்பது சாவித்துவாரம் வழியாகச் சுவரொட்டி படிப்பது மாதிரி. லேப்டாப்பில் படித்தால் கழுத்து வலிக்கிறது. டேப்லெட் நிஜமாகவே வெல்லும் இடம் இதுதான். ஆனால் வாங்கியவுடன் திறந்து பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். காரணம் ஒரு சின்னக் கணக்கு.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். உங்கள் திரையின் நீள அகல விகிதம் 16:10 என்றால் நிமிர்த்திப் பிடிக்கும்போது திரையின் அகலம் சுமார் 141 மி.மீ. தான். அதாவது பக்கம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் அச்சான எழுத்து 8 புள்ளியாகத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைப் படிப்பது போல் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஓர வெற்றிடத்தை வெட்டுவது. இரு பக்கமும் 25 மி.மீ. போனால் மிச்சம் 160. அதை 141க்குள் அடக்கினால் எழுத்து பத்தரைப் புள்ளிக்கு வந்துவிடும், அது படிக்கும் அளவு. கேஓரீடர் என்கிற இலவச ஆப் ஓரத்தைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டும். இன்னொன்று, டேப்லெட்டைப் படுக்கைவசமாகத் திருப்புவது. அகலம் 226 மி.மீ. ஆகிவிடுவதால் தாளில் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும், ஒரு நேரத்தில் அரைப் பக்கம்தான் வரும். கண்ணாடி போடும் வயதுக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தமிழ் பிடிஎஃபில் ஒரு வில்லங்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆப்களில் "ரீஃப்ளோ" என்று ஒரு வசதி இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி அமரும். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்திய எழுத்துருவில் செய்த பழைய தமிழ்க் கோப்புகளில் அதை அழுத்திப் பாருங்கள், "அ" இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியும் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து நான் ஒரு புத்தகத்தை மூன்று தடவை இறக்கினேன். கோப்பில் கோளாறு இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. ரீஃப்ளோ அந்தப் போர்வையை உருவிவிடுகிறது, அவ்வளவுதான். கேஓரீடரின் ரீஃப்ளோ பக்கத்தைப் படமாகப் பார்த்துச் சொல் சொல்லாக வெட்டி அடுக்குகிறது. அதனால் பழைய எழுத்துருவானாலும் சரி, ஸ்கேன் செய்த புத்தகமானாலும் சரி, ஓரளவு ஒழுங்காக வருகிறது. அங்கங்கே ஒரு புள்ளி நழுவும். பழகிக்கொள்ளலாம்.

#4 ஸ்க்ரூடிரைவர்

ஆப் பேச்சுக்கு முன்னால் பேட்டரி பேச்சு. கடைசிபெஞ்சு எழுதியதில் எனக்குப் பதறியது ஒரே வரிதான்: "சார்ஜ் சுத்தமாக இறங்கியிருக்கும்."

தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். லித்தியம் அயான் பேட்டரி பூஜ்யத்தில் கிடந்தாலும் உள்ளுக்குள் மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். செல்லின் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பாதுகாப்புச் சுற்று அதைப் பார்த்துவிட்டுச் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடலாம். "டிராயரில்தான் சார் இருந்தது, ஒன்றும் செய்யவில்லை, செத்துப்போச்சு" என்று என்னிடம் வரும் டேப்லெட்டுகள் பெரும்பாலும் இந்த ரகம். ஒன்றும் செய்யாததுதான் காரணம். நீண்ட நாள் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். "ஸ்லீப்" போதாது, முழுவதும் அணைக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. சுவரில் மாட்டி இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் விட்டால் நூறு சதவீதமும் சூடும் சேர்ந்து பேட்டரியைத் தின்னும். பின்பக்கம் லேசாக உப்பினாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். அமுக்கி மூடப் பார்க்காதீர்கள். புதிய மாடல்கள் பலவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. மேசையிலேயே நிற்கப் போகிற டேப்லெட் என்றால் அதை இயக்கிவிடுங்கள்.

அரை மணி நேரம் காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பழைய போன் சார்ஜரில் போடுகிறீர்களா? அது 5 வாட். டேப்லெட் பேட்டரி 30 வாட்-மணி அளவில் இருக்கும். வகுத்துப் பாருங்கள், ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

அப்புறம் அந்த நாற்பது ஆப். 64 ஜிபி கிட்டத்தட்ட முழுக்க நிரம்பியிருந்தால் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். விலை குறைந்த டேப்லெட்டுகளில் சேமிப்புச் சிப்பே மெதுவான வகை. நிரம்ப நிரம்ப இன்னும் மந்தமாகும். ரேமைக் குறை சொல்லிப் பயனில்லை.

#5 தட்டச்சு

எல்லோரும் படிக்கிறீர்கள், பார்க்கிறீர்கள். நான் எழுதுகிறேன். புளூடூத் விசைப்பலகை ஒன்று, மடக்கி நிறுத்தும் உறை ஒன்று, அவ்வளவுதான் செலவு. இரண்டு வருடமாக லேப்டாப்பை வெளியே தூக்கிச் செல்வதில்லை. இடது பாதியில் படிக்கும் கட்டுரை, வலது பாதியில் குறிப்பு. ஆல்ட்டும் டேபும் அழுத்தினால் ஆப் மாறும். தமிழ்99 விசை அமைப்பு பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: திரை விசைப்பலகையில் வேலை செய்வது வெளி விசைப்பலகையில் வேலை செய்யாமல் போகலாம். இரண்டுக்கும் அமைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வெளி விசைப்பலகைக்கு உரிய பக்கத்தில் தமிழ் அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் யாருடையதையாவது இரவல் வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

#6 நூல்பூச்சி

> தட்டச்சு எழுதியது: லேப்டாப்பை வெளியே தூக்கிச் செல்வதில்லை

கோபித்துக்கொள்ளாதீர்கள். விசைப்பலகை, உறை, சுட்டி எல்லாம் சேர்த்துவிட்டால் எடை லேப்டாப்புக்கு வந்துவிடுகிறது, வசதி மட்டும் லேப்டாப்புக்கு வருவதில்லை. கோப்பு எங்கே போய்ச் சேமித்தது என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போகும். டேப்லெட்டை லேப்டாப் ஆக்கப் பார்ப்பதுதான் பலர் அதை டிராயரில் போடுவதற்கே காரணம் என்பது என் கட்சி. சாய்ந்து உட்கார்ந்து பார்க்கும் கருவியாகத்தானே அது பிறந்தது?

#7 தட்டச்சு

அப்படிப் பிறக்கவில்லை நண்பரே. 1972இல் கணினி அறிஞர் ஆலன் கே "டைனாபுக்" என்று ஒரு கருவியைக் கற்பனை செய்து வரைந்தார். குழந்தைகள் கையில் பிடிக்கும் தட்டையான கணினி. டேப்லெட்டின் தாத்தா என்று எல்லோரும் காட்டும் படம் அதுதான். அதில் திரைக்குக் கீழே விசைப்பலகை இருக்கிறது. 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோது மேடையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துதான் காட்டினார், ஒத்துக்கொள்கிறேன். அதே நிகழ்ச்சியில் அதற்கான விசைப்பலகைத் தாங்கியையும் காட்டினார்கள். ஆக, சாய்வு நாற்காலியும் விசைப்பலகையும் ஒரே நாளில் பிறந்தவை.

கோப்பு தேடும் தொல்லை உண்மைதான். அதற்கு நான் செய்தது: ஒரே ஒரு கோப்புறை, எல்லாம் அதற்குள். சின்க்திங் என்ற ஆப் அதை வீட்டுக் கணினியோடு ஒத்திசைத்துவிடுகிறது. வெளி ஆள் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்குவதில்லை.

#8 மூத்தமகள்

உங்கள் சண்டைக்கு நடுவில் வருகிறேன். என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. போன் திரை அவருக்குப் போதவில்லை என்று என் பழைய டேப்லெட்டைக் கொடுத்தேன். இரண்டே நாளில் "இது பேய் பிடித்தது, தொட்டால் ஓடுகிறது" என்று திருப்பித் தந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வீடியோ அழைப்பு ஐகானை அம்மா தொடவில்லை, அழைப்பு மணியை அழுத்துவது போல் ஊன்றி அழுத்துகிறார். டேப்லெட் அதை "நீண்ட அழுத்தம்" என்று எடுத்துக்கொண்டு ஐகானை உரித்துக் கையில் கொடுக்கிறது. விரலை எடுக்கும்போது அது வேறு மூலைக்குப் போய்விடுகிறது. பேய் இதுதான்.

அணுகல்தன்மை அமைப்புகளில் "தொட்டுப் பிடித்திருக்கும் நேரம்" என்று ஒன்று உண்டு. அதை "நீண்டது" என்று மாற்றினேன். முகப்புத் திரையைப் பூட்டினேன், ஐகான்கள் இனி நகராது. மூன்றே ஐகான்: அழைப்பு, படங்கள், வானொலி. எழுத்து அளவு பெரிது. வயதானவர்களின் விரல் நுனி உலர்ந்திருக்கும், சில நேரம் திரை உணராது. சில டேப்லெட்டுகளில் தொடு உணர்வைக் கூட்டும் சுவிட்ச் இருக்கிறது. இல்லாவிட்டால் விரலை லேசாக ஈரத் துணியில் ஒற்றச் சொல்லுங்கள்.

இப்போது தினமும் மாலை தானே அழைக்கிறார். கேமராவில் நெற்றி மட்டும்தான் தெரியும். அதற்கு அமைப்பு எதுவும் இல்லை போலிருக்கிறது.

#9 ஸ்க்ரூடிரைவர்

அம்மாவின் டேப்லெட்டில் "திரையைப் பொருத்து" வசதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 5லிருந்து இருக்கிறது. ஒரு ஆப்பைப் பொருத்திவிட்டால் தவறி வெளியே போக முடியாது. ஐபேடில் அதற்கு வழிகாட்டப்பட்ட அணுகல் என்று பெயர். குழந்தைகளிடம் கொடுக்கும்போதும் இதுதான்.

நெற்றிக்கு வழி இருக்கிறது: ஸ்டாண்டில் படுக்கைவசமாக வைத்து, கண் உயரத்துக்கு வரும்படி அடியில் இரண்டு புத்தகம் அடுக்குங்கள்.

#10 தூரிகை

பேனா பற்றி யாருமே எழுதவில்லையே. நான் பாடம் நடத்துகிறவன். கணக்கைத் தட்டச்சு செய்வது நரகம், கையால் எழுதுவது சொர்க்கம். ஆனால் "டேப்லெட் பேனா" என்று விற்பதில் மூன்று சாதி உண்டு, இது தெரியாமல் வாங்கினால் காசு தண்டம்.

ரப்பர் முனை வைத்தது விரலுக்குப் பதில், அவ்வளவே. எந்தத் திரையிலும் வேலை செய்யும், எதையும் அழகாக எழுதாது. உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். இரண்டாவது, பேட்டரியோடு வரும் பேனா, ஐபேடுக்கு வருவது போல. சார்ஜ் போட வேண்டும், தன் இணைக்குத்தான் பேசும். மூன்றாவது, வாகொம் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் வருவது. சாம்சங்கின் எஸ் பென் இந்த இனம். எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரி தேவையே இல்லை, திரைக்கு அடியில் இருக்கும் சுருள்களிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் டேப்லெட்டின் திரையே இதற்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். பின்னால் பேனா மட்டும் வாங்கி ஒட்டவைக்க முடியாது.

கண்ணாடி மேல் எழுதினால் பேனா வழுக்கும். தாள் போன்ற சொரசொரப்பு உள்ள ஒட்டுத்தாள் கிடைக்கிறது. எழுத சுகம், ஆனால் திரை கொஞ்சம் மங்கும், பேனா முனையும் சீக்கிரம் தேயும். நான் ஒட்டினேன், ஆறு மாதத்தில் உரித்துவிட்டேன்.

#11 இசைக்கிறுக்கன்

வாசிக்கும்போது பக்கம் திருப்ப என்னிடம் மூன்றாவது கை கிடையாது. ஸ்வரக் குறிப்புகளை ஸ்கேன் செய்து டேப்லெட்டில் போட்டு, காலால் மிதிக்கும் புளூடூத் பெடல் ஒன்றை இணைத்துவிட்டேன். உள்ளே மந்திரம் ஒன்றும் இல்லை. டேப்லெட்டின் கண்ணுக்கு அது இரண்டே விசை உள்ள விசைப்பலகை, பக்கம் மேலே, பக்கம் கீழே. அதனால் நூல்பூச்சியின் பிடிஎஃப் ஆப்பிலும் வேலை செய்யலாம்.

ஒரு தடவை ஒத்திகையில் பாடல் நடுவே அறிவிப்பு ஒன்று திரையை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து வாசிக்க உட்கார்ந்தால் விமானப் பயன்முறை, புளூடூத் மட்டும் திறந்திருக்கும்.

#12 அரைத்தூக்கம்

ஒரு சந்தேகம். என் டேப்லெட் திரை முழு எச்டி என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது. கட்டணம் கட்டிப் பார்க்கும் படங்கள் மட்டும் மசமசவென்று தெரிகின்றன. நான் எடுத்த வீடியோ கண்ணாடி போல் இருக்கிறது. நெட்டும் வேகம்தான்.

#13 ஸ்க்ரூடிரைவர்

வைட்வைன். படங்களின் திருட்டைத் தடுக்கும் பூட்டு அது. அதன் உயர்ந்த நிலையான எல்1 சான்று உள்ள கருவிக்குத்தான் பல சேவைகள் எச்டி அனுப்பும். கீழ்நிலையான எல்3 என்றால் 480பி என்ற குறைந்த தெளிவோடு நிறுத்திக்கொள்ளும், திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் எல்3தான், அதைப் பெட்டியில் போடமாட்டார்கள். டிஆர்எம் (இந்த வகைப் பூட்டு) தகவல் காட்டும் இலவச ஆப் ஒன்றை நிறுவினால் உங்களுடையது எது என்று தெரியும். எல்3 என்று வந்தால் நாம் செய்ய ஒன்றும் இல்லை.

#14 அரைத்தூக்கம்

எல்3. சரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன், வித்தியாசம் தெரியாது.

#15 தட்டச்சு

இன்னொரு பயன் விட்டுப்போயிற்று. லேப்டாப்புக்கு இரண்டாவது திரை. மேக்கும் ஐபேடும் வைத்திருப்பவர்களுக்கு 2019 முதல் சைட்கார் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் என்றால் ஸ்பேஸ்டெஸ்க் மாதிரி ஆப். வைஃபையில் சுட்டி கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் நகரும். அதனால் அசையாத பொருளை அங்கே வையுங்கள்: அகராதி, அட்டவணை, அரட்டைச் சாளரம்.

#16 கடைசிபெஞ்சு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோர் சொல்லையும் கேட்டு நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஃபேக்டரி ரீசெட் அடித்தேன். மெயில், அரட்டை, சமூக வலைத்தளம் எதையும் திரும்ப ஏற்றவில்லை. அவை போனிலேயே இருக்கட்டும். இப்போது நானாக நிறுவியது ஏழு ஆப் மட்டும். அறிவிப்பு வருவதற்கு ஆளே இல்லாததால் டேப்லெட் ஊமையாக இருக்கிறது. அதுதான் இதன் மேல் பிடித்தமே வரக் காரணம் என்று நினைக்கிறேன். போனில் ஐந்து பக்கம் படிப்பதற்குள் மூன்று தடவை வெளியே போய்வருவேன்.

டிராயரை விட்டு எடுத்து மேசையில் ஒரு தாங்கியில் நிறுத்தினேன். 80 சதவீத வரம்பு என் மாடலில் இல்லை. அதனால் சார்ஜர் வயரை மேசைக்குப் பின்னால் போட்டுவிட்டு, காலையில் காபி குடிக்கும் நேரம் மட்டும் செருகுகிறேன். சார்ஜர், ஸ்க்ரூடிரைவர் சொன்னது போல, பழைய போனுடையதுதான். மாற்றிவிட்டேன்.

இரண்டு வருடமாகக் கிடந்த ஒரு தடித்த பிடிஎஃபைப் படுக்கைவசமாக வைத்து 140 பக்கம் தாண்டிவிட்டேன். நூல்பூச்சிக்கு நன்றி. விசைப்பலகை இரவல் வாங்கிப் பார்த்தேன் தட்டச்சு, எனக்குச் சரிப்படவில்லை. நான்கு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வேலைக்கு அது பொருந்துகிறது, என் வேலைக்கு இல்லை. பேனா எனக்கு எட்டாது, திரை அந்தச் சாதி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

கூடவே கிவிக்ஸ் என்ற ஆப் போட்டு விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் படிக்க வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் படங்களோடு முழுசாக இறக்கினால் நூறு ஜிபி போல வரும், எனக்கு இடம் இல்லை. படமில்லாத தொகுப்பைத் தேர்ந்தெடுத்து மெமரி கார்டில் போட்டால் ஏறவே மாட்டேன் என்றது. நான்கு தடவை முயன்றபிறகுதான் புரிந்தது, கார்டு எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் ஏறிவிட்டது.

ஒரு புதிய சிக்கல். டேப்லெட் மேசையில் நிற்பதைப் பார்த்து வீட்டில் சின்னவள் வர ஆரம்பித்துவிட்டாள். நேற்று என் ஏழு ஆப் பதினாறு ஆகியிருந்தது. இதற்கு என்ன செய்ய?

#17 மூத்தமகள்

அமைப்புகளில் "பயனர்கள்" இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் உண்டு. அவளுக்கு ஒரு கணக்கு உருவாக்கி, உங்களுடையதுக்குக் கடவுச்சொல் போடுங்கள். அவள் ஆப்கள் அவள் பக்கம், உங்கள் ஊமை டேப்லெட் உங்கள் பக்கம். ஆனால் இடம் இருவருக்கும் ஒன்றுதான். அவள் விளையாட்டுகள் உங்கள் 64 ஜிபியைத்தான் சாப்பிடும்.

#18 கடைசிபெஞ்சு

இருக்கிறது, போட்டுவிட்டேன். கடவுச்சொல்லை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மாற்றிக்கொண்டிருக்கிறேன்.